லே நகருக்கு வேலைக்குப் போகும் தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு: உயரத்துக்கு உடம்பைப் பழக்கும் வழி

இமயமலையில், லடாக்கில் இருக்கும் லே நகரில் இறங்கிய மறுநாள் காலையில், 90 மீட்டர் வயர் காயில்கள் சிலவற்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு விடுதிக் கட்டடத்தின் மாடிப்படியில் ஏறினேன். காவேரிப்பட்டணத்தில் அதே சுமையோடு மூன்று மாடி ஏறி இறங்கியவன் நான்; அன்று ஏழாவது படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சு படபடவென்று அடித்தது, தலை இரண்டாகப் பிளப்பதுபோல் வலித்தது, காலையில் தின்ற ரொட்டி அப்படியே வெளியே வந்தது. எங்கள் குழுவில் வயதில் இளையவரான பாலக்கோட்டுத் தம்பி அன்று நன்றாகத்தான் இருந்தார். ஆனால் மூன்றாம் நாள் இரவு மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்துப் படுக்கவைக்க வேண்டியவர் அவராகிவிட்டார். எங்களை அழைத்துப்போன ஒப்பந்தக்காரர் இரண்டு நாள் ஓய்வு தேவை என்று சொல்லவில்லை. அதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று எங்களுக்கும் தெரிந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு பருவம் அங்கே மின்வேலை செய்துவிட்டேன். நம் பக்கத்தில் இருந்து கட்டட வேலைக்கும், வயரிங் வேலைக்கும், ராணுவத்தில் இருக்கும் கணவரோடு சில மாதம் தங்கவும் லே போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளுக்கான பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். நான் மருத்துவர் அல்ல. பட்டும், அங்கிருந்த மருத்துவர்களிடம் கேட்டும், பிறகு படித்தும் தெரிந்துகொண்டவை இவை. மருந்து பற்றிய முடிவை உங்கள் மருத்துவரே எடுக்கட்டும்.

உயரத்துக்கு உடம்பு பழகும், ஆனால் அதற்கு நாள் பிடிக்கும் என்பதை முதலில் மனத்தில் வையுங்கள். உடல்வலு இருக்கிறது என்பதாலோ, கூடுதல் பணம் செலவழிப்பதாலோ அந்த நாள்களைத் தவிர்த்துவிட முடியாது. ஆகவே அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு, அதன்பிறகே டிக்கெட்டையும் கூலியையும் வேலைத் தேதியையும் பேசுங்கள்.

1. உடம்புக்குள் என்ன நடக்கிறது

தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் கடல்மட்டத்தில் இருந்து ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. ஓசூர் 900 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஏற்காடு 1,500 மீட்டர்தான். தமிழ்நாட்டிலேயே உயரமான தொட்டபெட்டாவின் உச்சியும் 2,637 மீட்டருக்கு மேல் இல்லை. உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் தலைவலி, குமட்டல் என்று தொடங்கும் உயர்மலை நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். லே நகரமோ 3,500 மீட்டரில் இருக்கிறது. ஆகவே வத்தல்மலையில் ஏறிப் பழகியிருக்கிறேன், ஊட்டியில் குளிர்காலத்தில் வேலை பார்த்திருக்கிறேன் என்பவையெல்லாம் குளிருக்கு உதவலாமே தவிர, மூச்சுக்கு உதவமாட்டா.

அங்கேயும் காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடுதான். ஆனால் உயரே போகப்போகக் காற்றழுத்தம் குறைந்து காற்று மெலிந்துவிடுவதால், லேயில் நீங்கள் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் கடல்மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் உள்ளே போகும். கழுத்துத் தமனிகளை ஒட்டி இருக்கும் சிறிய உணரிகள் இந்தக் குறைவைக் கண்டுகொண்டு, சில நிமிடங்களுக்குள்ளேயே வேகமாகவும் ஆழமாகவும் மூச்சுவிட வைக்கின்றன. இதயமும் வேகமாகத் துடிக்கத் தொடங்குகிறது. உட்கார்ந்திருக்கும்போதே நாடி வழக்கத்தைவிட வேகமாக ஓடுவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அது உடம்பு தன் வேலையைச் செய்வதன் அடையாளம்.

இங்கே ஒரு சிக்கல் வருகிறது. வேகமாக மூச்சுவிடும்போது கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுவதால் இரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது; அதைக் கண்டு மூளை மூச்சைக் கட்டுப்படுத்தப் பார்க்கிறது. இந்த இழுபறியைச் சிறுநீரகங்கள்தான் தீர்த்துவைக்கின்றன. இரத்தத்தில் இருக்கும் பைகார்பனேட் என்ற காரப்பொருளைச் சிறுநீரில் வெளியேற்றி இரத்தத்தைச் சமநிலைக்குக் கொண்டுவர அவற்றுக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். முதல் நாள்களில் அடிக்கடி சிறுநீர் போவதற்கு இதுவும் ஒரு காரணம். ஓய்வு நாள்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது சிறுநீரகங்கள் கேட்கும் இந்த அவகாசத்தைத்தான்.

இரத்தம் மாறுவது இன்னும் மெதுவாக நடக்கிறது. சிவப்பணுக்களைப் பெருக்கச் சொல்லும் எரித்ரோபொயட்டின் என்ற சுரப்பு சில மணி நேரத்திலேயே கூடத் தொடங்கினாலும், அதன் பலனாகப் புதுச் சிவப்பணுக்கள் கணிசமாகச் சேர வாரக்கணக்கில் ஆகும். முதல் வாரத்திலேயே ஹீமோகுளோபின் அளவு கூடியிருப்பதாகப் பரிசோதனை காட்டினால், அது பெரும்பாலும் இரத்தத்தில் உள்ள நீர்ப்பகுதி குறைந்து இரத்தம் கெட்டிப்பட்டதன் விளைவு. முழுவதும் பழகிய பிறகும் ஊரில் செய்த அளவுக்கு அங்கே வேலை ஓடாது. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காவது குறையும் என்று வைத்துக்கொண்டே ஒப்பந்தத்தில் நாள்கணக்குப் போடுங்கள்.

2. எட்டு வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள்

கிளம்புவதற்கு முந்தைய வாரம் பரிசோதனைக்குப் போவது வீண், ஏனென்றால் குறை தெரிந்தாலும் சரிசெய்ய நேரம் இருக்காது. முழு இரத்தப் பரிசோதனை, இரத்த அழுத்தம், சர்க்கரை, இசிஜி, மார்பு எக்ஸ்ரே ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். தனியார் பரிசோதனை நிலையத்தில் எல்லாவற்றுக்கும் சேர்த்து எனக்கு 1,400 ரூபாய் ஆயிற்று. தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. அரை நாள் காத்திருக்க முடிந்தால் அந்தச் செலவு மிச்சம்.

இவற்றில் பலரும் கவனிக்காமல் விடுவது ஹீமோகுளோபின். புதுச் சிவப்பணு உருவாக இரும்புச்சத்து வேண்டும். இரத்தசோகையோடு போகிற உடம்பிடம் அந்தக் கையிருப்பு இருக்காது. நம் வீட்டுப் பெண்களில் பலருக்கு இந்தக் குறை இருப்பது அவர்களுக்கே தெரிவதில்லை. எட்டு வாரம் முன்பே தெரிந்துவிட்டால் மருத்துவர் தரும் இரும்புச்சத்து மாத்திரையும் முருங்கைக்கீரையும் கேழ்வரகும் சேர்ந்து ஓரளவு தேற்றிவிடும். மாத்திரையை டீ, காபியோடு சேர்த்துப் போடாதீர்கள்; சத்து உடம்பில் சேராது.

அரிவாள் அணு நோய், நுரையீரல் இரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு, கடுமையான நாள்பட்ட நுரையீரல் நோய் ஆகியவை உள்ளவர்கள் அங்கே தங்கி வேலை செய்யும் எண்ணத்தை விட்டுவிட வேண்டும். கர்ப்பிணிகளும், கைக்குழந்தையோடு போகிறவர்களும் சிறப்பு மருத்துவர் ஒப்புக்கொண்டால் மட்டுமே கிளம்பலாம். சர்க்கரை நோயாளிகள் இன்சுலினை உறையவிடக் கூடாது, உறைந்து இளகிய இன்சுலின் பயன்படாது. வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவியும் உயரத்திலும் குளிரிலும் தவறான அளவு காட்டக்கூடும்.

அசிட்டசோலமைடு மாத்திரையைப் பற்றியும் அதே சந்திப்பில் பேசிவிடுங்கள். சிறுநீரகங்கள் செய்யும் பைகார்பனேட் வேலையை இது விரைவுபடுத்துகிறது. உயர்மலை நோய் வராமல் தடுக்கப் பெரியவர்களுக்குப் பொதுவாக எழுதித் தருவது 125 மில்லிகிராம், நாளைக்கு இருவேளை. ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்கி, போய்ச் சேர்ந்த பிறகும் இரண்டு நாள் தொடர்வார்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். விரல் நுனிகளில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும், சிறுநீர் அதிகமாகப் போகும், இரண்டும் எதிர்பார்க்கக்கூடியவையே. ஊருக்குள் யாரோ போட்டார்கள் என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். மாத்திரை போட்டுவிட்டோம், இனி முதல் நாளே சுமை தூக்கலாம் என்று நினைப்பதோ அதைவிடப் பெரிய தவறு.

3. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

ஆதார் அசலோடு ஆறு நகல், ஆறு பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம், மருத்துவச் சான்றும் பரிசோதனை முடிவுகளும், உங்கள் இரத்த வகையும் ஒவ்வாத மருந்துகளும் வீட்டுத் தொலைபேசி எண்ணும் எழுதிய ஒரு தாள். இந்தக் கடைசித் தாளை இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். பாலக்கோட்டுத் தம்பியைச் சேர்க்கும்போது அவருக்குப் பென்சிலின் ஒவ்வாது என்பதை மருத்துவருக்குச் சொல்ல, அவரது அம்மாவிடம் ஊரில் கேட்டுத் தெரிந்துகொள்ளவே முக்கால் மணி நேரம் ஆயிற்று.

வேலைக்குப் போகிறவர்கள் ஒப்பந்தக்காரரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். வேலை நடக்கும் இடத்தின் பெயர், அது எத்தனை மீட்டர் உயரம், போய்ச் சேர்ந்தபின் முதல் இரண்டு முழு நாள்கள் கூலியோடு ஓய்வு, மருத்துவச் செலவு யாருடையது ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். லே என்று சொல்லி அழைத்துப்போய், 4,250 மீட்டர் உயரத்தில் இருக்கும் பாங்காங் ஏரிப் பக்கம் மறுநாளே இறக்கிவிடுவது நடக்கிறது. எல்லையை ஒட்டிய அந்தப் பகுதிகளுக்கு லடாக் நிர்வாகத்தின் நுழைவுப் பதிவும் கட்டணமும் உண்டு. விதிகள் அவ்வப்போது மாறுவதால் நிர்வாகத்தின் இணையதளத்தில் கிளம்பும் வாரம் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

விபத்துக் காப்பீடு மட்டும் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். உயர்மலை நோய் விபத்துக் கணக்கில் வருவதில்லை. நோய்க்கான மருத்துவக் காப்பீடு தனியாக இருக்கிறதா, அது உயரமான இடங்களை விலக்கி வைத்திருக்கிறதா என்று பத்திரத்தைப் படித்துப் பாருங்கள்.

இன்னொன்று தாள் அல்ல, சிம். நம் ஊர் பிரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு மட்டுமே எடுக்கும். மாற்றுவதற்குச் சில நாள் ஆகும் என்பதால் ஊரிலேயே மாற்றிக்கொண்டு கிளம்புங்கள். நடு இரவில் மூச்சு முட்டும் ஒருவரை வைத்துக்கொண்டு, வேலை செய்யாத ஐந்து கைப்பேசிகளைப் பார்த்துக்கொண்டு நின்ற அனுபவம் வேறு யாருக்கும் வேண்டாம்.

4. எந்த வழியாகப் போவது

விமானம் வேகமான வழி, உடம்புக்கோ கடினமான வழி. கிருஷ்ணகிரியில் இருந்து பெங்களூரு விமான நிலையம் போக, நகரத்துக்குள் இருக்கும் நெரிசலையும் சேர்த்து நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். எலெக்ட்ரானிக் சிட்டியில் இறங்கினால் அங்கிருந்தே விமான நிலையப் பேருந்து கிடைக்கும். டெல்லியில் இருந்து லேவுக்கு ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. கடல்மட்டத்தில் இருந்து 200 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கும் டெல்லியில் ஏறி, நகரைவிடச் சற்றுத் தாழ்வாக இருக்கும் லே விமான நிலையத்தில், 3,250 மீட்டரில் இறங்குவீர்கள். உடம்புக்கு எந்த முன்னறிவிப்பும் இல்லை. இரண்டு விமானங்களுக்கும் சேர்த்து நான் ஒருமுறை 11,000 ரூபாயும், ஜூன் மாத நெருக்கடியில் ஒருமுறை 19,000 ரூபாயும் கொடுத்திருக்கிறேன். ஆறு வாரம் முன்பே எடுத்துவிடுவது நல்லது.

சாலை வழி இரண்டு. ஸ்ரீநகர் வழி உடம்புக்கு இதமானது. ஸ்ரீநகரில் 1,585 மீட்டரில் ஓர் இரவு, கார்கிலில் 2,676 மீட்டரில் ஓர் இரவு, பிறகு லே என்று படிப்படியாக ஏறலாம். நடுவில் 4,108 மீட்டர் ஃபோட்டு லா கணவாயைக் கடந்தாலும் அங்கே தூங்குவதில்லை என்பதால் பெரிதாகப் பாதிக்காது. பகலில் எவ்வளவு உயரம் போனோம் என்பதைவிட, இரவில் எந்த உயரத்தில் படுத்தோம் என்பதே முக்கியம். 3,000 மீட்டருக்கு மேல், படுக்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே உயரத்தில் இன்னோர் இரவு தங்குவதுதான் மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. 2025 ஜூன் முதல் கட்ராவில் இருந்து ஸ்ரீநகருக்கு ரயிலும் ஓடுகிறது. பெங்களூருவில் இருந்து டெல்லிக்கு ரயிலில் ஏறக்குறைய 40 மணி நேரம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஊரில் இருந்து லே சேர ஆறு நாள் ஆகும்.

மணாலி வழியில்தான் பொறி இருக்கிறது. 2,050 மீட்டரில் இருக்கும் மணாலியில் காலையில் கிளம்பும் வண்டிகள் சில, இரவு 4,290 மீட்டரில் இருக்கும் சர்ச்சு கூடாரங்களில் நிறுத்திவிடுகின்றன. ஒரே பகலில் 2,200 மீட்டர் ஏறி, லேயைவிட உயரமான இடத்தில் தூங்குவது போன்ற தவறு வேறில்லை. இந்த வழியில் போகத்தான் வேண்டும் என்றால் கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ இரண்டு இரவு தங்கி, மறுநாள் விடியும் முன் கிளம்பி, சர்ச்சுவில் படுக்காமல் நேராக லே போய்விடுங்கள். வழியில் 5,328 மீட்டர் தங்லங் லா கணவாயில் புகைப்படம் எடுக்க அரைமணி நேரம் நிற்க வேண்டாம்.

5. இறங்கிய முதல் 48 மணி நேரம்

அறைக்குப் போய்ப் படுத்து ஓய்வெடுங்கள். பகலில் முழுக்கத் தூங்க வேண்டும் என்பதில்லை. உட்கார்ந்து பேசலாம், முற்றத்தில் மெல்ல நடக்கலாம். பெட்டியைக்கூட இரண்டு தவணையாக மாடிக்கு ஏற்றுங்கள். குனிந்து சட்டென்று நிமிராதீர்கள். பேசிக்கொண்டே நடக்கும்போது வாக்கியம் பாதியில் நின்றால் நடை வேகம் அதிகம் என்று பொருள்.

முதலில் ஒன்றுமே தெரியாது. நம்மவர்கள் ஏமாந்துபோவது இங்கேதான். இறங்கிய சில மணி நேரம் உடம்பு நன்றாக இருப்பதைப் பார்த்து, எனக்கு ஒன்றும் செய்யாது என்று கடைவீதிக்குக் கிளம்பிவிடுகிறோம். தலைவலி பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்தே தொடங்கும். கூடவே குமட்டல், பசியின்மை, தலைசுற்றல், சோர்வு வரும். அதிகம் ஏறாமல் அங்கேயே ஓய்வெடுத்தால் ஒன்று முதல் மூன்று நாளில் தணிந்துவிடும். தலைவலிக்குப் பாராசிட்டமால் போடலாம்.

தண்ணீரைத் தாகத்துக்குத் தக்கபடி, மறக்காமல் குடியுங்கள். காற்று வறண்டிருப்பதாலும் மூச்சு வேகமாக ஓடுவதாலும் வியர்க்காமலேயே உடம்பு நீரை இழக்கும். அதற்காக ஐந்தாறு லிட்டரை வலிந்து குடிப்பதால் உயர்மலை நோய் தடுபடுவதில்லை. மதுவும் தூக்க மாத்திரையும் மூச்சை மந்தப்படுத்தும் என்பதால் இந்த நாள்களில் அவற்றின் பக்கமே போகக் கூடாது. தினமும் மூன்று வேளை காபி குடித்துப் பழகியவர்கள் அதைத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். அந்தத் தலைவலியை உயரத் தலைவலி என்று எண்ணிக் குழம்புவீர்கள்.

இரவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் இரவு அறையில் எல்லாரும் தூங்கிய பிறகு நான் விழித்திருந்தேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த அண்ணனின் மூச்சு வேகவேகமாக ஏறி, பிறகு சிறுத்துச் சிறுத்து நின்றேவிட்டது. எண்ணினேன், பதினொன்று எண்ணும்வரை ஒரு சத்தமும் இல்லை. பிறகு தண்ணீருக்குள் இருந்து மேலே வந்தவர்போல் ஒரு பெருமூச்சு, மறுபடியும் வேக மூச்சு. பயத்தில் அவரை எழுப்பியேவிட்டேன். கரியமில வாயு குறைந்ததால் மூளை மூச்சை நிறுத்துவதும், ஆக்சிஜன் குறைந்ததால் மறுபடி தொடங்குவதுமாக உயரத்தில் பெரும்பாலோருக்கு இரவில் இப்படித்தான் இருக்கும் என்று பின்னர்தான் மருத்துவர் விளக்கினார். நாள்கள் போகப்போகக் குறையும். தூக்கம் அடிக்கடி கலையும், தெளிவான கனவுகள் வரும். விடியும்போது களைப்பாகவே இருக்கும்.

இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை விழுக்காடு என்று காட்டும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஒன்றைக் குழுவுக்கு ஒன்றாவது ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், ஏறக்குறைய 1,000 ரூபாய். ஊரில் 97, 98 காட்டிய அதே விரல் லேயில் முதல் நாள் 85 முதல் 90 வரை காட்டுவது சாதாரணம். கொரோனா காலத்துக் கணக்கை வைத்துப் பதறாதீர்கள். குளிர்ந்த விரலிலும் மருதாணி இட்ட நகத்திலும் அளவு தப்பும்; கையைத் தேய்த்துச் சூடாக்கி, ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். எண்ணைவிட ஒப்பீடுதான் உதவும்: எல்லாரும் 87இல் இருக்கும்போது ஒருவர் மட்டும் 70க்குப் பக்கத்தில் இருந்தால் அவரைக் கவனிக்க வேண்டும்.

6. உயிருக்கு ஆபத்தான இரண்டு நிலைகள்

மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்குப் பாலக்கோட்டுத் தம்பி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு வரவில்லை என்றார். மாலையில் இருந்தே வறட்டு இருமல் இருந்தது. பகலில் எங்களைவிட அதிகமாகச் சுமை தூக்கியவரும் அவர்தான். "சளிதாண்ணா, காலையில சரியாயிடும்" என்றார். விளக்கைப் போட்டுப் பார்த்தபோது உதடு நாவற்பழம் தின்றவர்போல் இருந்தது. ஆக்சிமீட்டரில் எங்களுக்கு 86, 88, அவருக்கு 64. நெஞ்சில் காதை வைத்தால், சூடான தோசைக்கல்லில் நீர் தெளித்ததுபோல் பொறுபொறுவென்று சத்தம்.

இது நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் நிலை. ஆக்சிஜன் குறைந்ததும் நுரையீரலின் இரத்தக்குழாய்கள் சுருங்க, அழுத்தம் ஏறி, நீர் காற்றறைகளுக்குள் கசிகிறது. பெரும்பாலும் போய்ச் சேர்ந்த இரண்டு முதல் நான்கு நாள்களுக்குள், இரவில் முற்றும். தலைவலியே இல்லாமலும் வரும்; இளைஞர், பலசாலி என்று பார்க்காது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல், இளஞ்சிவப்பு நுரைச்சளி ஆகியவற்றில் எதைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

மற்றொன்று மூளை வீக்கம். பேச்சுக் குழறும், நடத்தை மாறும், குடித்தவர்போல் தள்ளாடுவார். சந்தேகம் வந்தால், தரையில் ஒரு நேர்கோட்டில், ஒரு காலின் குதிகாலை மற்றொரு காலின் விரல்நுனியில் வைத்து வைத்துப் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் அவரைத் தனியாக விடாமல் உடனே கொண்டுபோக வேண்டும்.

இரண்டுக்கும் முதல் மருந்து கீழே இறங்குவதும் ஆக்சிஜனும்தான். ஆனால் லேயின் நில அமைப்பு நமக்கு எதிராக இருக்கிறது. மணாலிச் சாலையும் சரி, ஸ்ரீநகர்ச் சாலையும் சரி, இறங்குவதற்கு முன் கணவாய்களில் இன்னும் மேலே ஏறுகின்றன. சிந்து நதிக்கரையோடு நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கால்ட்சே வரை போனால் ஏறக்குறைய 500 மீட்டர் இறங்கலாம், அவ்வளவுதான். ஆகவே லே நகரில் இருந்தால் சாலையில் கிளம்பாமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள். சோனம் நோர்பு நினைவு மருத்துவமனைதான் அங்குள்ள அரசு மாவட்ட மருத்துவமனை. அதன் எண்ணையும், இரவில் எடுக்கும் இரண்டு டாக்சி ஓட்டுநர்களின் எண்ணையும் முதல் நாளே சுவரில் ஒட்டுங்கள். கடைகளில் 500 ரூபாய்க்கு விற்கும் சிறிய ஆக்சிஜன் டப்பா சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். மருத்துவமனை போய்ச் சேரும்வரைகூட அதை நம்ப முடியாது.

தம்பி நான்கு நாளில் எழுந்து நடந்தார். அவர் இழந்த கூலி ஒன்பது நாள். இரண்டு நாள் ஓய்வுக்கு அறை வாடகையும் சாப்பாடுமாக ஓர் ஆளுக்கு 3,000 ரூபாய்தான் ஆகியிருக்கும்.

7. மூன்றாம் நாளில் இருந்து வேலை

தலைவலி இல்லாமல் விழித்தால் மூன்றாம் நாள் அரைநாள் வேலை தொடங்கலாம். அளவெடுப்பது, சுவிட்ச் பெட்டி பொருத்துவது போன்ற உட்கார்ந்த வேலைகளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். சுவரில் வெட்டுப்போடுவதையும் சுமை ஏற்றுவதையும் ஆறு, ஏழாம் நாளுக்குத் தள்ளுங்கள். ராணுவத்தில் ஏறக்குறைய 2,700 முதல் 3,600 மீட்டர் வரையுள்ள முதல் கட்டத்துக்கு ஆறு நாளும், 4,500 மீட்டர் வரை இரண்டாம் கட்டத்துக்கு நான்கு நாளும், அதற்கும் மேலே இன்னும் நான்கு நாளும் பழக்குகிறார்கள். பயிற்சி பெற்ற வீரர்களுக்கே 14 நாள் தேவைப்படும்போது, நமக்கு இரண்டு நாள் அதிகம் என்று சொல்லும் ஒப்பந்தக்காரரிடம் இந்தக் கணக்கைத் தயங்காமல் எடுத்துச் சொல்லுங்கள். உடம்பு ஓர் உயரத்துக்குப் பழகினால் அந்த உயரத்துக்குத்தான் பழகியிருக்கிறது. பாங்காங் பக்கம் வேலை மாறினால் மறுபடியும் ஓய்வு வேண்டும்.

8. அறையும் அடுப்பும்

அங்கே தண்ணீர் ஏறக்குறைய 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். குமிழ் விடுவதைப் பார்த்து அரிசி வெந்துவிடும் என்று நம்பாதீர்கள். பருப்பு எத்தனை மணி நேரம் கொதித்தாலும் நறுக்கென்றே இருக்கும். குக்கர் இல்லாமல் கிளம்பவே கூடாது. கேஸ்கட்டும் விசிலும் மாற்று ஒன்று கூடுதலாக எடுத்துப்போங்கள். கேழ்வரகு மாவு பத்து கிலோ கொண்டுபோனோம். களி அதிக நேரம் கிண்டினால் நன்றாகவே வந்தது, பசியே எடுக்காத முதல் வாரத்திலும் அது மட்டும் உள்ளே இறங்கியது. ஊறுகாய்ப் பாட்டிலை மூடிவரை நிரப்பாதீர்கள்; மேலே போனதும் காற்று விரிந்து எண்ணெய் கசியும். எங்கள் மிக்சர் பாக்கெட்டுகள் பலூன்போல் உப்பியிருந்தன.

மூடிய அறைக்குள் கரி அடுப்போ கேஸ் ஹீட்டரோ வைத்துத் தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு நச்சும் தலைவலி, குமட்டல், சோர்வு என்றே தொடங்கும். உயரத்தால் வந்தது என்று எண்ணிக்கொண்டே உயிரை விட்டுவிடலாம். அறையில் இருக்கும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்து, வெளியே வந்ததும் தணிந்தால், சந்தேகம் அடுப்பின்மேல் இருக்கட்டும்.

9. ஊருக்கு வந்து திரும்பும்போது

இறங்கி வருவதில் தொல்லை இல்லை. முதல் சில நாள் உடம்பு இலேசாக இருப்பதுபோலவே தோன்றும். ஆனால் அங்கே பழகிய பழக்கம் சமவெளியில் ஓரிரு வாரத்தில் கரையத் தொடங்கிவிடும். ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போய்வரவோ, வீட்டுத் திருமணத்துக்கோ வந்து பதினைந்து இருபது நாள் தங்கிவிட்டு விமானத்தில் திரும்புகிறவர்களுக்கு நுரையீரல் நீர்க்கோப்பு வரும் ஆபத்து உண்டு. பலமாதம் அங்கே இருந்தவர் என்பது காப்பாற்றாது. பழைய ஆள் என்ற தைரியத்தில் ஓய்வைக் கைவிடுவதால்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பத்து நாளுக்கு மேல் ஊரில் இருந்தால், திரும்பிப்போய் வேலையில் சேரும் தேதியைச் சொல்லும்போது விமானம் இறங்கும் நாளோடு இரண்டு முழு நாள் கூட்டியே சொல்லுங்கள். திரும்பும் டிக்கெட் வியாழக்கிழமை என்றால், ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன் என்று ஒப்பந்தக்காரருக்கு ஊரில் இருந்தே எழுதி அனுப்பிவிடுங்கள்.